கடலுக்குப் போகாதவர் பங்கு

நான் கடல் தாண்டியவன் இல்லை. மேற்கே மணப்பாறை மாட்டுச் சந்தை, கிழக்கே மீமிசல் கரை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் உத்தியோகமும் உலகமும். பயணக் கட்டுரை எழுத உனக்கென்ன யோக்கியதை என்று யாரும் கேட்கலாம். நான் வெளிநாட்டுக்குப் போகவில்லைதான். வெளிநாடு என்னைத் தேடி வந்து, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, நான்கு நாள் என் சொந்தச் சீமையை எனக்கே சுற்றிக் காட்டிவிட்டுப் போயிற்று. அதைப் பயணம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த சமயம். அறந்தாங்கியில் நான் கூட்டுறவு இன்ஸ்பெக்டர். சங்கம் சங்கமாகப் போய்த் தப்பு கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. தப்பு கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டார்.

"சவரிமுத்து, நியூசிலாந்துலேர்ந்து ஒருத்தர் வாராரு. கூட்டுறவு மாநாட்டுக்கு வந்தவங்கள ஆளாளுக்கு ஒரு பக்கம் கிராமம் பாக்க அனுப்புறாங்களாம். நமக்கு ஒருத்தர் விழுந்துருக்காரு. நீங்க கூடப் போய்ச் சுத்திக் காட்டுங்க. நம்ம ஆபீஸ்ல தைரியமா இங்கிலீஷ் பேசுறது நீங்கதான்."

"சரிங்க சார்."

"அப்படியே அந்த மீமிசல் லாஞ்சு விஷயத்தையும் முடிச்சுட்டு வந்துருங்க. எத்தன நாளா இழுக்குறீங்க!"

லாஞ்சு என்றால் இஞ்சின் வைத்த படகு. மீமிசலுக்கு அருகே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தில் பதினோரு குடும்பங்கள் சேர்ந்து மீனவர் சங்கம் நடத்தினார்கள். அவர்களுக்கு ஒரு லாஞ்சு தருவதாகச் சர்க்கார் சொல்லியிருந்தது. இஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் அங்கே ஒரே ஒருவன்தான். செல்லையா என்று பெயர். நாகப்பட்டினம் போய்க் கற்றுக்கொண்டு வந்தவன். அவன் சங்கத்தை விட்டு விலகுவதாகக் கடுதாசி கொடுத்துவிட்டான். தனியாகத் தொழில் செய்யப் போகிறானாம். ஓட்ட ஆளில்லாத சங்கத்துக்கு லாஞ்சு கிடையாது, வேறு ஊருக்குப் போய்விடும். பதினோரு குடும்பத்துக்கும் பழையபடி துடுப்பும் பாயும்தான்.

செல்லையா பேராசைக்காரன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவன் கடுதாசி என் பைலில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி ஜங்ஷன். வெள்ளைக்காரர் வருவார் என்று முதல் வகுப்புப் பெட்டி வாசலில் மாலையோடு நின்றேன். யாரும் வரவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி இறங்கியது. அவர்களோடு, யாருடையதோ ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, மாநிறத்தில், வாசல் கொள்ளாத உடம்போடு ஓர் ஆள் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். முதல் வகுப்பில் பேச்சுத் துணைக்கு ஆளில்லையாம், அந்தக் கல்யாண வீட்டாரோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு வந்தாராம். அவர் மாவோரி. வெள்ளைக்காரர்கள் போய் இறங்குவதற்கு முன்பே நியூசிலாந்தில் வாழ்ந்த ஜனம்.

நான் மாலையைப் போட்டேன். அவர் என் தோளைப் பிடித்து, குனிந்து, தன் மூக்கையும் நெற்றியையும் என் மூக்கோடும் நெற்றியோடும் சேர்த்து அழுத்தினார். அதுதான் அவர்கள் வணக்கமாம். போர்ட்டர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜீப் டிரைவர் காதர் ரொம்ப ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நானும் மூக்க நீட்டணுமா? இல்ல ஆபீசருக்கு மட்டுந்தானா?"

கேட்டு முடிப்பதற்குள் காதருக்கும் கிடைத்தது.

பெயரைக் கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. முதலில் தன் மலையின் பெயரைச் சொன்னார். பிறகு ஆறு. பிறகு தன் ஜனம், அவர்கள் முன்னோர் கடல் தாண்டி வந்த ஓடத்தின் பெயர். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில், போனால் போகிறது என்பதுபோல, "ஹோனே" என்றார். அதுதான் அவர் பெயர்.

"உங்கள் மலை எது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஊர் ஆவூர். எனக்கு ஏது மலை? யோசித்து, நார்த்தாமலை என்று சொல்லிவைத்தேன். ஆறு? எங்களுக்குக் கண்மாய்தான். கண்மாய் என்றால் மழைத் தண்ணீரைத் தேக்கி, மடையைத் திறந்து, ஊர் முழுக்கப் பாய்ச்சுவது என்று விளக்கினேன். "அது ஆற்றைவிட நல்லது. ஆறு யாரைக் கேட்டும் ஓடுவதில்லை" என்றார். நம்மிடமும் புது ஆளைப் பார்த்தால் எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை என்றுதான் முதலில் கேட்கிறோம். நாம் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ள. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவரும் கத்தோலிக்கர். ஆவூர்க் கோவிலில் பூசைக்குக் கூட்டிப்போனேன். பூசை லத்தீனில் நடந்தது. அவர் நாட்டிலும் அதே லத்தீன். சாமியார் ஒன்று சொல்ல, ஊர்சனத்தோடு சேர்ந்து இவரும் கணீரென்று பதில் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நியூசிலாந்துக்காரருக்கும் ஆவூர்க்காரருக்கும் புரியாத ஒரே பாஷையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மதியம் என் அண்ணன் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு எழுந்து நேரே அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணி அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க தம்பி இது? ஆம்பள ஆளு அடுப்படிக்குள்ள வந்து நிக்கிறாரு, சட்டிய வேற எடுத்துக் கழுவுறாரு! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

ஹோனே விளக்கினார். அவர்கள் ஊரில் விருந்து நடந்தால் முன்னால் நின்று பேசுகிறவர் பாதி மனுஷன்தானாம். பின்னால் அடுப்பில் நிற்பவர்கள்தான் ஊரின் மானத்தைக் காப்பாற்றுபவர்களாம். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் புறப்பட்டால் அவமரியாதை. நான் தமிழில் சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க அண்ணன் காதுல விழுகுற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை நார்த்தாமலை ஏறினோம். விஜயாலய சோழீச்சுரத்தின் முன்னால் பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறுகிறது, புறப்படலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பிறகு புதுக்கோட்டையிலும் சுற்றுப்பட்டிலும் மூன்று சங்கங்கள். எல்லா இடத்திலும் ரோஸ்மில்க், பூமாலை, தலைவர் உரை. எல்லா இடத்திலும் ஹோனே ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்கள் அங்கத்தினர் ஒருவர் செத்துப்போனால் சங்கம் என்ன செய்யும்?"

ஒரு தலைவர் பெருமையோடு, "பைலா பிரகாரம் ஷேர் தொகைய வாரிசுக்குக் குடுத்துருவோம்" என்றார்.

"அதற்கு முன்னால்? குழி தோண்டுவது யார், வருகிறவர்களுக்குச் சமைப்பது யார், தூரத்துச் சொந்தங்களைக் கூட்டிவருவது யார்?"

"அது அவங்கவங்க பாடு சார். சங்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் மொழிபெயர்த்தேன். ஹோனே தலையாட்டிவிட்டு ரோஸ்மில்க்கைக் குடித்தார். இந்த மனுஷர் எதற்கு வந்தார், தொழில் பார்க்கவா, இழவு விசாரிக்கவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. லாபம் பற்றி ஒரு கேள்வி இல்லை.

செவ்வாய்க்கிழமை, திருமயம் தாண்டி அறந்தாங்கிக்கு வரும் வழியில், ஆள் அரவமில்லாத இடமாகப் பார்த்து ஜீப் நின்றுவிட்டது. காதர் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஜீப்பின் பரம்பரையையே திட்டினார். நாங்கள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். போகிற பஸ் எதுவும் நிற்கவில்லை. கூரைமேல்கூட இடமில்லை.

"எங்கள் பஸ்ஸாக இருந்தால் நின்றிருக்கும்" என்றார் ஹோனே.

அப்போதுதான் தெரிந்தது, அவர் பஸ் தொழில்காரர். எனக்கு உடனே மரியாதை கூடிவிட்டது. பஸ் முதலாளி என்றால் நம் பக்கம் சும்மாவா?

"எத்தனை பஸ் உங்களுக்கு?"

"எனக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு இரண்டு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். அவர்கள் ஜனத்தின் நிலத்தைப் பாகம் பிரித்தால் ஒருவருக்கு ஒரு கட்டில் போடத்தான் காணுமாம். அதனால் பிரிக்கவில்லை. எல்லாருடைய துண்டையும் ஒன்றாக்கி ஆட்டுப் பண்ணை வைத்தார்கள், ஒரு கமிட்டியும் வைத்தார்கள். கம்பளி விற்ற லாபத்தில் முதலில் ஊர்க்கூடத்துக்குச் சாப்பாட்டு மண்டபம் கட்டினார்கள். பிறகு பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். பிறகுதான் பஸ். சந்தை நாளில் டிக்கெட் உண்டு. சாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. கமிட்டித் தலைவரும் ஹோனேதான், பஸ் டிரைவரும் அவரேதான்.

காதர் இஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "என்ன சார் சொல்றாரு? தலைவரே டிரைவரா? அந்த ஊர்ல ஒரு வேல இருந்தா நமக்குச் சொல்லச் சொல்லுங்க."

நான் விடவில்லை. "எங்கள் ஊரிலும் இதற்குச் சங்கம் என்றுதான் பெயர். ஆனால் தலைவராக வருகிறவர் எல்லாவற்றையும் ஏப்பம் விட்டுவிடுவார்" என்றேன்.

"எங்களிடமும் உண்டு. ஒருவர் என் சொந்தச் சித்தப்பா."

"என்ன செய்தீர்கள்?"

"சித்தப்பாவை என்ன செய்ய முடியும்? சமையலுக்கு மாற்றினோம். அந்த வருஷம் சாப்பாடு நன்றாக இருந்தது."

வயலிலிருந்து வந்த நாலு பேர் தள்ளிக் கொடுக்க, ஹோனேயும் ஒரு பக்கம் தோள்கொடுக்க, ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. அறந்தாங்கிச் சந்தையில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கண்டதும் குதித்து இறங்கிவிட்டார். அவர்கள் முன்னோர் ஓடத்தில் கொண்டுவந்து பாதுகாத்த கிழங்கு அதுதானாம். குழி வெட்டி, கல்லைச் சுட்டுப் போட்டு, கறியோடு சேர்த்து மூடி வேகவைப்பார்களாம். ஒரு கிழங்கைப் பிட்டு வாயில் போட்டவர் கண் கலங்கிவிட்டார். கிழங்கு விற்ற அம்மாள் பயந்துபோய், "சூடா இருக்குன்னு சொல்றதுக்குள்ள வாயில போட்டுட்டாருங்க, என்மேல குத்தமில்ல" என்றாள்.

புதன்கிழமை காலை மீமிசல் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போனோம். நான் பைலை எடுத்துக்கொண்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஹோனே வரவில்லை. ஊர் எல்லையில், பனைமரத்துக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வாருங்கள், போகலாம்."

"யாராவது கூப்பிட வேண்டும். அதுவும் ஒரு பெண் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இன்னொருவர் ஊருக்குள் காலெடுத்து வைக்க மாட்டோம்."

நல்ல வெயில். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். இவருக்குக் கோபமா, காலில் முள்ளா என்று அவர்களுக்குள் பேச்சு. நான் நடுவில் தவித்தேன். அப்போது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மறைத்துப் பார்த்து, கரை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"வாங்கய்யா! வாங்க, வாங்க! வெயில்ல எதுக்கு அங்கிட்டே நிக்கிறீங்க? இங்கிட்டு நெழலுக்கு வாங்க!"

ஹோனேயின் முகம் மலர்ந்துவிட்டது. தன் பாஷையில் நீட்டி, பாட்டுப்போல ஏதோ பதில் சொல்லிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார். எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் நம் பக்கம் தலைமுறைக்கும் பகை நிற்கும். அதையே அந்தக் கடலுக்கு அப்பால் இன்னொரு ஜனம் இவ்வளவு பெரிய மரியாதையாக வைத்திருக்கிறது.

கூப்பிட்டவள் பெயர் மாரியாயி. அவள் புருஷன் செல்லையாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். ஒரு புயலில் போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கருவாடு போட்டுப் பிழைக்கிறாள்.

கொட்டகையில் இலை போட்டு நண்டுக் குழம்பும் இறால் தொக்கும் பரிமாறினார்கள். செல்லையா கடைசியில் வந்து ஓரமாக உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயது, கறுத்து இறுகிய உடம்பு. அவனிடம் யாரும் பேசவில்லை. மாரியாயி சோற்றுச் சட்டியோடு வரிசையாக வந்தவள், அவன் இலைக்கு முன்னால் நிற்காமல் அடுத்த இலைக்குப் போனாள். வேறு யாரோ வந்து அவனுக்குச் சோறு போட்டார்கள். அவன் தலைகுனிந்து சாப்பிட்டான்.

"அவரோடு ஏன் யாரும் பேசவில்லை?" என்று ஹோனே மெதுவாகக் கேட்டார்.

"பேராசைக்காரன். தனியாகப் பிழைக்கப் போகிறான்" என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் நான் பைலைப் பிரித்தேன். "செல்லையா, கடைசியாக் கேக்குறேன். விலகுறது நிச்சயந்தானா? நீ போயிட்டா இவங்களுக்கு லாஞ்சு கெடையாது."

"நிச்சயந்தான் சார்."

பதினோரு குடும்பமும் அங்கேதான் நின்றது. ஒருவர்கூட அவனை இரு என்று சொல்லவில்லை. பேனாவைத் திறந்தேன். ஹோனே என் கையைத் தொட்டு, தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

உலகப் போர் முடிந்து, பட்டாளத்தோடு இத்தாலியிலிருந்து ஊர் திரும்பிய ஹோனே, சேர்த்த பணத்தில் சொந்தமாக ஒரு பஸ் வாங்கினாராம். நல்ல ஓட்டம், நல்ல வரும்படி. ஒருநாள் அவர் மாமா செத்துப்போனார். அன்றைக்கே பக்கத்து டவுனில் பந்தாட்டம். ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸை மொத்தமாகப் பேசியிருந்தார்கள். பணம்தான் பெரிதென்று அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஊர்சனம் சாவுக்கு மழையில் நடந்து போனது. சாயங்காலம் அவர் போய் ஊர்க்கூடத்து வாசலில் நின்றார். உள்ளே அவர் சொந்த அக்கா உட்கார்ந்திருக்கிறாள். வா என்று கூப்பிடவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. இருட்டும்வரை மழையில் நின்றுவிட்டுத் திரும்பினாராம்.

"அந்த பஸ்ஸைக் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் இரண்டில் ஒன்று அதுதான். எனக்குக் கஷ்டம் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். என் வீடு இன்னும் பாதிக் கட்டடமாக நிற்கிறது. என் மனைவி தினமும் அதைக் காட்டித் திட்டுகிறாள். ஆனால் போன இடத்திலெல்லாம் கூப்பிடுகிறார்கள்."

நான் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். உறைக்கட்டும் என்று. செல்லையா எழுந்து நின்றான்.

"அவரு நல்ல மனுஷன் சார். ஆனா அவரு தப்புப் பண்ணுனாரு, அதுனால கூப்பிடல. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? கரைப் பங்கக் குடுத்துக்கிட்டுத்தான இருந்தேன்? நானா நிறுத்துனேன்? நீங்கதான சார் நிறுத்தச் சொல்லி எழுதுனீங்க?"

அவன் விரல் நேராக என்னைக் காட்டியது.

ஹோனே என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் நான்கு நாளாக ஆவூர் அண்ணியையும் காதரையும் கிழங்கு விற்ற அம்மாளையும் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தவன். அந்த இடத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "சர்க்கார் விதி என்று ஏதோ சொல்கிறார்" என்றேன்.

"சர்க்காரா? அவர் விரல் உங்களையல்லவா காட்டுகிறது?"

இனி மறைக்க வழியில்லை. ஹோனேயிடம் இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். அந்தக் கரையில் மீன் வந்து இறங்கினால் மணலில் கூறு போடுவார்கள். கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு கூறு, வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. அதோடு கரைப் பங்கு என்று இன்னொரு கூறு உண்டு. கடலுக்குப் போக முடியாதவர்களுக்கு. இப்போது அதை வாங்கியது மாரியாயியும், வெளியூர் லாஞ்சில் கூலிக்குப் போய், வலை இழுக்கும் இயந்திரத்தில் கை போன சின்னான் என்கிற ஒருவனும். எட்டு மாதத்துக்கு முன் தணிக்கைக்கு வந்த நான், வேலை செய்யாதவருக்குப் பங்கு கொடுப்பது விதிக்கு விரோதம், உடனே நிறுத்தவும் என்று எழுதினேன். அப்போது செல்லையாதான் செயலாளர். ஜீப்பில் உட்கார்ந்தபடியே அவன் ஒருவன் கையில் உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. மேலதிகாரி என் ரிப்போர்ட்டைப் பாராட்டினார். அந்தப் பாராட்டில் நான் ஒரு வாரம் மிதந்தேன்.

ஹோனே என் கையிலிருந்த பைலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

செல்லையா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். "என்ன சார் சொன்னீங்க அவர்ட்ட? ரொம்ப நேரம் சொன்னீங்களே. அத எங்களுக்கும் ஒருதடவ தமிழ்ல சொல்லுங்க."

இங்கிலீஷில் சொன்னபோது அது ஒரு சமாசாரமாக இருந்தது. தமிழில் அதை ஆரம்பிக்க எனக்கு நாக்கு எழவில்லை. எதிரே மாரியாயி நிற்கிறாள். சின்னான் கையில்லாத தோளைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்கிறான்.

"கரைப் பங்க நிறுத்தச் சொன்னது நான்தான்" என்றேன். "செல்லையா கேக்கல. அவன் நிறுத்த வேண்டாம்னுதான் சொன்னான். ரெண்டு தடவ சொன்னான். நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது."

மாரியாயி மெதுவாகச் செல்லையா பக்கம் திரும்பினாள். "நீ சாரப் புடிச்சு எழுதி வாங்கிட்டேன்னுல நெனச்சேன்?"

"நான் இல்லக்கான்னு எத்தன தடவ சொன்னேன்! யாராச்சும் நம்புனீங்களா?" அவன் அவளுக்கு நேராக வந்து நின்றான். "அண்ணன் சாகக்குள்ள அவரு கூட அந்த வள்ளத்துல இருந்தவன் நான். ஒங்க சோத்துல நான் கைய வப்பேனா? ஒரு பய மூஞ்சி குடுத்துப் பேசல. பின்ன நான் இந்தக் கரையில இருந்து என்ன பண்ண? அதுனாலதான் போறேன்னு எழுதிக் குடுத்தேன்."

பேராசைக்காரன் என்று நான் முடிவு கட்டிய ஆள் இவன்தான்.

அங்கேயே ஒரு தாளை எடுத்தேன். முந்தைய உத்தரவு தவறானது, கரைப் பங்கு பழையபடி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி குதிப்பார். குதிக்கட்டும். எழுதியதை உரக்கப் படித்தேன், இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கும்படியாக.

செல்லையா கையை நீட்டினான். "என் கடுதாசியக் குடுங்க சார்."

கொடுத்தேன். அவன் அதைக் கிழித்துக் கடலில் வீசவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, "லாஞ்சு எப்ப சார் வரும்?" என்று கேட்டான். கொட்டகைக்கு மூச்சு வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். காதர் எதற்கென்று தெரியாமல் சின்னானைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டவன்போலப் பேனாவை மூடிப் பையில் செருகினேன். அப்போது மாரியாயி என் முன்னால் வந்து நின்றாள். கோபமாகப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள்.

"பங்க எழுதிக் குடுத்துட்டீங்க சார். மீனு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். எட்டு மாசமா இந்தப் புள்ளைய நான் துரோகின்னு சொல்லித் திரிஞ்சேன். எம்மகளுகளையும் சித்தப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லி வச்சேன். அதுக்கு ஒரு காயிதம் எழுதித் தருவீங்களா?"

ஹோனே என் தோளில் கை வைத்தார்.

"அந்த அம்மா என்ன சொன்னார்?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.